லீவர் ஆஃபில்தான் இருந்தது

தரமணி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு சுவரில் உன் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. கையெழுத்துப் போடுவதற்கே மூச்சு வாங்கும் உனக்கு எதற்கு மூன்று பேனா என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைத்தேன். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் "டிராக்டர் டாக்டர்". பசை இன்னும் காயவில்லை. வந்த ரயிலை விட்டுவிட்டு நின்று முழுவதும் படித்தேன். உன் வீட்டார் உன்னைப் புகழட்டும், அது அவர்கள் பாடு. என்னால் முடியாது.

நாம் கூட்டாக வாங்கிய டிராக்டர் எங்கேயோ பல வருஷம் வயல் உழுது களைத்து வந்தது. அதன் பின்னால் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டி, மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று கான்கிரீட் உடைக்கப் போனோம். பழுது வந்தால் நீ செய்யும் கூத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாய். வேலையாட்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். பிறகு தீர்ப்பு: "கிளட்ச்." அடுத்த மாதம் வேறு சத்தம்; அதற்கும் கிளட்ச்தான். பிரித்துப் பார்த்தால் கிளட்ச் நன்றாக இருக்கும். "நான் பிரிச்சதாலதான்டா சரியாச்சு" என்பாய். வெட்கம் என்பது உன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மயிலாப்பூரில் மழைநீர் வடிகால் வேலை நடந்தபோதுதான் பி.டி.ஓ. கோளாறு தொடங்கியது. டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் தண்டு அது; இன்ஜினின் பலத்தைக் கம்ப்ரஸருக்குக் கொண்டுபோவது. இன்ஜின் ஓடினாலும் லீவரை ஆஃபில் தள்ளினால் அது நிற்க வேண்டும். நின்றது. ஆனால் சற்று நேரம் கழித்துத் திடீரென்று கால் சுற்று துள்ளியது. தற்செயலாக என் கண்ணில் பட்டது.

உன்னிடம் சொன்னேன். நீ பார்க்கக்கூட எழுந்துவரவில்லை. "காலைல கியர் ஆயில் கெட்டியா கீதுடா. அது இழுக்குது. சூடானா நின்னுடும்."

நான் தண்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மத்தியானம்வரை ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு லீவரை ஆஃபில் தள்ளிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கோடு அசையாமல் நின்றது. பிறகு வெடுக்கென்று திரும்பியது. ஆயில் இழுத்தால் மெதுவாகச் சுற்றும், துள்ளாது. அதோடு பின்னால் கம்ப்ரஸர் மாட்டியிருக்கும்போது ஆயிலுக்கு அதை அசைக்கவே பலம் போதாது. லீவருக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன். லீவரைப் பல்சக்கரத்தோடு இணைக்கும் இரும்புப் பின் தேய்ந்து ஒல்லியாகியிருந்தது. லீவர் முழுதாக நகர்ந்தது. உள்ளே இருந்த பல்சக்கரம் பாதிதான் விலகியது. புதுப் பின் மாட்ட அரைமணி நேர வேலை.

"இதப் போட்டுட்டு அப்புறம் ஓட்டலாம்" என்றேன்.

நீ வேலையாட்களைப் பார்த்துச் சிரித்தாய். "பஞ்சர் ஒட்டினு இருந்தவன் எனக்கு கியர் பாக்ஸ் சொல்லித் தரான் பாரு!"

அவர்களும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். உன்னைப் போன்ற ஒரு முட்டாளிடம் பேசி என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

மூன்றாம் நாள், நம்மிடம் வேலை பார்த்த யூசுப், தண்டையும் கம்ப்ரஸரையும் இணைக்கும் ஷாஃப்டுக்கு கிரீஸ் வைக்கக் குனிந்தான். பேட்டரி மோசம், இன்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது, அதனால் அணைக்காதே என்பது உன் உத்தரவு. ஷாஃப்டின் மூடியைச் சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்தவனும் நீதான். யூசுப் லீவரை ஆஃபில் தள்ளியதை நான் பார்த்தேன். தண்டு நின்றிருந்தது. அவன் கை வைத்ததும் துள்ளியது. சட்டைக் கையைப் பிடித்து, முழங்கையோடு திருகியது.

அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு சைட் இன்ஜினியர் வந்தார். "லீவர் எதுல இருந்தது?"

"ஆன்ல சார். ஆஃப் பண்ணவே இல்ல. எவ்ளோ தபா சொல்லிக்கீறேன், கேட்டாத்தானே" என்றாய், கண் இமைக்காமல்.

அவர் என்னைப் பார்த்தார். டிராக்டரில் பாதி என்னுடையது; நஷ்டஈடு என்று வந்தால் அதிலும் பாதி.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

மறுநாள் நீ யாரிடமும் சொல்லாமல் புதுப் பின் போட்டாய். அதன் பிறகு தண்டு துள்ளவில்லை. நீயும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நெஞ்சுவலியில் நீ போன அன்று, நங்கநல்லூரில் உன் வீட்டு வாசலுக்கு யூசுப் வந்திருந்தான். மடங்கிய கை நீளவில்லை. இடது கையால் மாலை போட்டான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இன்று உன் சுவரொட்டியை விட்டுவிட்டு நேரே மேற்கு மாம்பலம் போனேன். அவன் அங்கே செல்போன் கவர் விற்கிறான். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். "யூசுப், அன்னிக்கு நீ லீவர ஆஃப் பண்ணத நான் பாத்தேன். அதுல கோளாறு இருந்ததும் எனக்குத் தெரியும்."

அவன் ஒரு கவரைத் துடைத்து மாட்டிவிட்டுத்தான் திரும்பினான். "லீவர ஆஃப் பண்ணவன் நான்தானேண்ணா. அது எனக்குத் தெரியாதா? உனக்கும் தெரியும்ன்றதுதான் இப்ப தெரியுது."

அவன் தொடர்ந்தான்: "என் வூட்ல இன்னிக்கு வரைக்கும் நான்தான் அஜாக்கிரதையா கைய வுட்டேன்னு சொல்லிக்கினு கீறாங்க. ஞாயித்துக்கிழமை வந்து எம் பொண்டாட்டிகிட்ட சொல்றியா?"

சரி என்றேன்.

உன் மேல் எனக்குள்ள இளப்பம் கொஞ்சமும் குறையவில்லை, தெரிந்துகொள். உனக்குக் கோளாறு புரியவே இல்லை; எனக்குப் புரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் முன்னால் உட்காரும்போது பழியை உன் பெயரில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். அவள் நம்பவும் செய்வாள். ஆனால் நான் என்னிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.