பி.பி. நோட்டில் நான் எழுதிய எண்கள்

பிப்ரவரி 6
அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, 'திருமானூர்' என்ற போர்டைப் படித்துவிட்டேன். போன மாதம் அந்த வலது கண்ணில் வெறும் புகைமூட்டம். நரம்பின் மேலுறையை அரிக்கிற நோயாம், எம்.எஸ். என்கிறார்கள். பெரம்பலூரில் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றியதில் பார்வை வந்திருக்கிறது. இனி மூன்று வாரம் ஸ்டீராய்டு மாத்திரை. அதனால் பி.பி. ஏறலாம், தினமும் பார்த்து எழுதி வையுங்கள் என்றார் டாக்டர். "வூடு வூடா போயி பி.பி. பாக்குறவங்க நீங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" எனக்குப் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 8
164/102. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்த்தேன். 166/100. இதைக் காட்டினால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ? நிறுத்தினால் கண் போய்விடுமே. நோட்டில் 126/82 என்று எழுதினேன். கை கூசவே இல்லை.

பிப்ரவரி 10
170/104. எழுதியது 124/80.

பிப்ரவரி 11
வேலைக்குப் போனேன். நம் தெரு பூமாலை அக்கா, நான் போகும் நாளில் மட்டும்தான் பி.பி. மாத்திரை போடுகிறார். அட்டையை எண்ணியதில் தெரிந்தது. பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "யாரை ஏமாத்துறீங்க?" "தப்புதான் ஜெயசித்ரா" என்று தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து 122/80 எழுதினேன். தூ.

பிப்ரவரி 13
நோட்டைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். 'ரொம்ப நல்லது' என்று பதில் வந்தது.
சாயங்காலம் சுவாதி ஃபோன். டிரிப் ஏற்றும்போது பக்கத்துக் கட்டில், வரதராஜன்பேட்டைப் பெண். அதே நோய், அதே மாத்திரை. "தலைய பொளக்குதுக்கா. ஒங்களுக்கு பி.பி. எவ்வளவு?" 122 என்றேன். "அப்ப மாத்திரையால இல்ல. வெயில்ல நின்னதுதான்." எதற்கும் போய் பி.பி. பார்த்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 15
சுவாதிக்கு நேற்று வலிப்பு. பெரம்பலூரில் சேர்த்திருக்கிறார்கள். 210/120. அவள் அம்மா ஃபோனில் சொன்னார்: "ஒங்களுக்கு ஏறலன்னதும் இவளும் சும்மா இருந்துட்டாம்மா." திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சுட்டேன்! சின்னப் புள்ள — என்னை அக்கான்னு நம்பிக் கேட்டுச்சே...
வீட்டுக்காரர் மணிமாறனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எங்கிட்டயும் இந்த நம்பரைத்தானே சொன்ன?" என்றார்.

பிப்ரவரி 16
டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டீராய்டை நிறுத்தவில்லை. பி.பி.க்கு ஒரு மாத்திரை சேர்த்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதானா அத்தனை பொய்?
வார்டில் சுவாதி கண் விழித்திருந்தாள். அவளிடமும் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெட்கத்தில் அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 24
சுவாதி வீட்டுக்கு வந்துவிட்டாளாம். என் ஃபோனை எடுப்பதில்லை.
எனக்கு இன்று 138/86. நோட்டு இப்போது மணிமாறனிடம் இருக்கிறது. காலையில் கையில் பட்டையைச் சுற்றி, மிஷினைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அவர் எழுதவில்லை. மிஷினைத் தன் பக்கம் திருப்பி, தானே பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.