முழு அட்டவணைக்கும் அனுமதி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் வரை பஸ்ஸில் நின்றபடியே. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் சத்தம். வரவேற்பில் இருக்கும் செல்வி, காய்ச்சலுக்கு வந்த உறையூர் டீச்சரிடம் அன்பாகத்தான் கேட்டிருக்கிறாள்: "அக்கா, மனசுக்குச் சாப்பிடற மாத்திரையும் தீர்ந்திருக்குமே, எழுதி வாங்கிக்கிறீங்களா?" பக்கத்தில் மாமியார். அவருக்கு அதுவரை தெரியாது. டீச்சர் டாக்டரைப் பார்க்காமலே போய்விட்டார்.

செல்விக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். டேட்டாபேஸ் என் பொறுப்பு. நோயாளிகள் அட்டவணையில் வரவேற்புக்குப் பெயர், போன், டோக்கன் போதும். புது சாஃப்ட்வேர் போட்ட அன்று அவர்கள் திரையில் பிழை, வெளியே கூட்டம். நோய் விவரம் உட்பட முழு அட்டவணையையும் பார்க்க அனுமதி கொடுத்தேன், அப்புறம் குறைக்கலாம் என்று. குறைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வந்ததும் நோய் விவர நெடுவரிசைக்கு மட்டும் தடை போட்டேன். பிழை வரவில்லை. ஆனால் செல்வியின் கணக்கு வழியாகப் பார்த்தால் எல்லாம் அப்படியே தெரிகிறது. முழு அட்டவணைக்கும் கொடுத்த அனுமதி இருக்கும்வரை ஒன்றை மட்டும் மறைக்க முடியாது. அதை நீக்கிவிட்டு, தேவையான நெடுவரிசைகளுக்கு மட்டும் மறுபடி கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவுதான் வேலை.

மதியம் மீட்டிங். மேனேஜர்: "தேவையில்லாததைத் தோண்டிப் பாத்திருக்கு இந்தப் பொண்ணு. அனுப்பிடலாம்."

செல்வி அழுதாள். "தோண்டலைங்க சார். பேரைத் தட்டினா அதுவும் சேந்து வருது."

நான் வாய் திறக்கவில்லை.

பால் வாங்க மறந்தேன்.

ஜூன் 11, புதன்

சரியான தூக்கமில்லை. மேனேஜர் அறைக்குப் போய், அனுமதியைத் திறந்து வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"உங்களை யாரும் கேக்கவே இல்லையே மேடம்?"

"அதனாலதான் சார் நேத்து சும்மா இருந்துட்டேன்."

எனக்கு மெமோ. செல்வி வேலையில் இருக்கிறாள். அவளிடம் மன்னிப்பு கேட்டேன். "நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்." அவ்வளவுதான். டோக்கன் போடத் திரும்பிவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

தூறல். டீச்சருக்குப் போன் செய்தேன்.

"என் நம்பர் எப்படிங்க கிடைச்சுது?"

"ஆஸ்பத்திரி பதிவுலேர்ந்துங்க." சொல்லும்போதே கூசியது. தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை, என்னுடையது என்றேன். இனி ஆஸ்பத்திரி வரவேற்பில் யாருக்கும் தெரியாது என்றேன்.

அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்க தெரியாதுங்க, சரி. இங்க? நேத்து சாம்பாருக்கு நறுக்கலாம்னு கத்தியைத் தேடறேன், காணோம். அத்தை பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க."