வாலுக்கு ஒரு பள்ளம்

அப்பா,

விருத்தாசலத்திலிருந்து பார்சல் வந்தது. கடிதம் இல்லை. நான் அம்மாவிடம் கேட்டிருந்த பீங்கான் குழாய் மட்டும் வைக்கோலுக்குள் இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலி விழித்திருக்கும்போதே அதன் மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்கிறோம். அசையாமல் இருக்க அதை வைத்த பிளாஸ்டிக் குழாயில் அது உதறிக்கொண்டே இருந்ததால் திரையில் கோடுகள் கிறுக்கலாகவே வந்தன.

இன்று நீங்கள் செய்த குழாய்க்குள் தானாகவே நுழைந்து படுத்துக்கொண்டது. கோடுகள் அத்தனை தெளிவு! கூச்சல் போட்டால் எலி மிரளும் என்று வெளியே ஓடிப்போய்க் குதித்தேன்.

வால் நசுங்காமல் இருக்க ஓரத்தில் பள்ளம் விட்டிருக்கிறீர்களே, அது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

பொங்கலன்று, "வாயில்லா ஜீவனப் புடிச்சி வச்சிக்கினு என்னா படிப்பு? எலிக்காரிகிட்ட எனக்கென்னா பேச்சு?" என்றீர்கள். பேச வேண்டாம். இன்னும் நாலு குழாய் வேண்டும், நீங்களே எடுத்து வாருங்கள்.

உங்கள்
எலிக்காரி