கல்லில் இருந்த பெயர்

பெரியகல்லாறு,
12.07.2010

அன்புள்ள மகன் வினோஜனுக்கு,

களுதாவளைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் தங்கச்சி நிருஷாவும் சுகம், நீயும் அந்தத் தூர தேசத்திலே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க நேர்ந்துகொண்டிருக்கிறேன். சண்டை ஓய்ந்து வருசம் கழிந்துவிட்டது, வாவியில் இறால் நல்லாய்ப் படுகிறது. உன் கனடா வதிவிட விண்ணப்பம் நாலு வருசமாய் இழுபடுவது ஏனென்று சட்டத்தரணி கண்டுபிடித்ததைப் போனில் சொன்னாயே, இங்கே பதிவில் நீ சுனாமியில் செத்தவன் என்று, அதைச் செய்தது நான்தான் மனே. அப்பாவின் உடலை எடுத்த கையோடு செத்தவர்களின் பெயர் எழுத வந்தார்கள். நீ கொழும்பில் ஒளித்திருந்தாய். உன்னைப் பிடித்துப்போக ஆயுதத்தோடு படலைக்கு வந்தவர்கள் இனி வரக்கூடாதென்று அப்பாவின் பெயரோடு உன் பெயரையும் சொல்லிவிட்டேன். அழுகை அப்பாவுக்கு, பொய் உனக்கு. ஊர் நம்பிவிட்டது. பிறகு கடற்கரையில் நட்ட நினைவுக் கல்லிலும் உன் பெயர் ஏறிவிட்டது.

சட்டத்தரணி சொன்ன வழிகளை யோசித்தேன். புதிதாய் விண்ணப்பித்தால் திரும்பவும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். கடதாசிக்கு மட்டும் ஒரு பெண்பிள்ளையைக் கலியாணம் முடிக்கும் கதையை வாயிலும் எடுக்காதே, ஒரு பொய்யே நம்மை இந்தப் பாடு படுத்துகிறது. பதிவைத் திருத்தி இதே விண்ணப்பத்தில் காத்திருப்பதுதான் சரி. பிடித்து அடைத்தாலும் அடைக்கட்டும் என்று கிராம சேவகர் நல்லரத்தினத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன். “உங்கட மகனுக்கு வருசா வருசம் விளக்கு வெச்சவன் நான், அக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரேதான் சத்தியக் கடதாசி முடிக்கச் சமாதான நீதவானிடமும் கூட்டிப்போனார். அங்கே “மகன் உயிரோட இருக்கானா” என்று கேட்டார்கள். ஐந்தரை வருசமாய் ஊருக்குள் நான் சொல்லாத சொல், “ஓம், இருக்கான்” என்றேன், காதில் விழவில்லையென்று இரண்டாம் தரமும் சொல்லவைத்தார்கள். கல்லிலும் உன் பெயரைக் கொத்தி எடுத்தாயிற்று. சிலர் என்னோடு முகம் கொடுப்பதில்லை. உனக்காக அழுதவர்கள், கோபம் நியாயம்தான்.

சத்தியக் கடதாசியை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாய்ச் சட்டத்தரணியிடம் கொடு. பதிவு திருந்தச் சில மாதம் செல்லுமாம், பொறுத்திரு. குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னொன்று, இவ்வளவு காலமும் கடித உறைக்குப் பின்னால் உன்னோடு தங்கியிருக்கும் மதுஷனின் பெயரைத்தானே எழுதினாய். இனி உன் பெயரையே எழுது, முழுதாய், பெரிதாய். தபால்காரர் அதை வாசித்துக் கூப்பிடட்டும், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கட்டும்.

நூறு வயது இரு மகன்.

உன் அம்மா,
வி. சீதேவிப்பிள்ளை