சுவரில் எழுதிய கை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
16.2.2009

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று உன் மின்னஞ்சல் சொல்கிறது, எனக்குத்தான் நம்ப முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, பஸ் ஏறி பெரிய மார்க்கெட்டுக்குப் போய் சங்கரா மீன் வாங்கி வந்தாள். இந்தக் கடிதத்தை ஏன் உன் லண்டன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு நீ அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களையும் பிரௌசிங் சென்டரில் அச்செடுத்துத் தேதிவாரியாக வைத்திருக்கிறேன். ஒன்றில், மாடிப்படியில் விழுந்தேன், பல்லின் தோலளவில் தப்பித்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். இன்னொன்றில் அறிவின் கடைசி எல்லையில் நிற்பதாக, போன வாரம் வந்ததில் சுவரில் எழுத்து தெரிந்துவிட்டதாக. மயிரிழையில் தப்பினேன், இனி என்ன செய்வதென்று தெரியவில்லை, முடிவு நெருங்கிவிட்டது என்பதற்கு இவை ஆங்கிலத்தில் தினமும் புழங்கும் தொடர்கள்தான். ஆனால் மிஷன் பள்ளியில் வேதாகமத்தைப் பாடமாகப் படித்தவன் நான், அவை எங்கிருந்து வந்தன என்பதும் தெரியும். முதலாவது, பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபு சொன்னது. அடுத்தது புயலில் சிக்கிய கப்பற்காரர்களைப் பற்றியது. கடைசியில், விருந்து நடக்கும் அரண்மனைச் சுவரில் ஒரு கை மட்டும் தோன்றி எழுதுகிறது, அன்றைக்கே அரசன் கொல்லப்படுகிறான். மில்லில் என்னோடு வேலை பார்த்த சாமிக்கண்ணு, மாதா கோவிலில் பாடுகிறவர், அவரிடம் காட்டினேன். "ஆபீஸ்ல எல்லாரும் இப்டித்தான் எழுதுவாங்க முருகையா, வேதத்தத் தொறந்து வெச்சிக்கினா எழுதறாங்க? போய் டீ குடி" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஐந்திலும் மாப்பிள்ளை செம்மலின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. உன் மின்னஞ்சலை அவரும் திறப்பார் என்று ஒருமுறை சொன்னாய், அதனால்தான் எல்லோரும் நலம் என்று மட்டும் பதில் போட்டேன், அதனால்தான் இந்த முகவரி. அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டும்போது அந்த வரிகளை விட்டுவிடுவேன். நேற்று காகிதத்தை வாங்கிப் பார்த்து, "இவ்ளோ எழுதியிருக்கா, நீங்க ரெண்டு வரிதான் படிக்கிறீங்க. பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் போனில், வந்துடட்டுமாப்பா என்று கேட்டாய். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, பொறுத்துப் போம்மா என்றேன். அதன்பின் நீ எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னது தவறு. அந்தப் பயம் போய் இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் நினைப்பது பொய்யானால் இதைக் கிழித்துப் போட்டு என்னைத் திட்டு. உண்மையானால் கிளம்பி வந்துவிடு, எங்களுக்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டாம். அலுவலகத்திலிருந்து சாமிக்கண்ணு வீட்டு போனுக்குக் கூப்பிடு, தினமும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் அப்பா,
சி. முருகையன்

மறந்துவிடாதே: பாஸ்போர்ட்டை வீட்டில் வைக்க வேண்டாம். இன்றைக்கே எடுத்துவந்து அலுவலக மேசையில் வைத்துப் பூட்டு.