கோட்டய்யா கூட்டி அடித்த மருந்து

அன்புள்ள நான்னாவுக்கு, உங்கள் மகள் ஹைமவதி வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? குண்டூரில் நான் சுகம்.

கோட்டய்யாவின் மிளகாய்த் தோட்டத்தில் ஒரு பாத்திக்கு ஒரே முறை பூச்சிமருந்து அடித்து, அது தானாக எப்படி அழிகிறது என்று அறுபது நாள் வாராவாரம் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கிறேன் அல்லவா? சங்கராந்திக்கு முன் முடிந்திருக்கும். நேற்று நாற்பத்தைந்தாம் நாள். போனால் பாத்தியில் மருந்து வாடை தூக்குகிறது.

"நான்தாம்மா அடிச்சேன்," என்றார் கோட்டய்யா பெருமையாக. "வாராவாரம் ஆபீசுக்குப் போன் போட்டு, 'இன்னும் குறைஞ்சிடுச்சு'ங்கிற. அப்புறம் வரப்புல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. பார்க்கச் சகிக்கல. அதான் ரெண்டு டேங்க் கூட அடிச்சு விட்டேன். இனிமே குறையாது, சிரி!"

குறையத்தான் வேண்டும் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

"அப்போ மூஞ்சி ஏன் அப்படி இருந்துச்சு?"

வெயில் என்று சொல்லிவைத்தேன்.

பக்கத்துப் பாத்தியில் இன்று முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டேன். கோட்டய்யா மருந்து அறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். இன்னும் அறுபது நாள் ஆகும்; ஆகவே பண்டிகைக்கு வர முடியாது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பண்டிகைக்கு வெல்ல அரிசெலு சுட்டால் பஸ்ஸில் ஒரு டப்பா கொடுத்தனுப்புங்கள், கோட்டய்யாவுக்கும் சேர்த்து. போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும். இங்கே ஒரே குளிர்.

மண் எடுக்க நேரமாகிவிட்டது. கிளம்புகிறேன்.

உங்கள் ஹைமா

புடவையைத் துவைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.