உன் பெயரில் நான் விழுங்கிய குளிசை

தங்கச்சி,

இன்று காலை உன் மகள் ரெஜினா உன்னுடைய லிபிரெத்தோவை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். டொக்டரிடம் போகும்போது நீ மறக்காமல் எடுத்துப்போகும் அந்தச் சுகாதாரப் புத்தகம்தான். திறந்ததும் தலையிடித் தைலம் மணத்தது. உன் கைப்பைக்குள் அந்தப் போத்தல் எத்தனை முறை ஊற்றுப்பட்டிருக்கும்! நீ போய் இரண்டு வருடமாகியும் அந்தத் தாள்கள் மணத்தை விடவில்லை.

ரெஜினா உட்காரவில்லை.

"பெரியம்மா, நீங்கள் கேட்டது இதுதான். கொண்டந்திட்டன். ஆனா அம்மாவின்ரை பேரைக் கோட்டு வழக்கிலை இழுத்து நாறடிக்கப் போறியள் எண்டா ஒருக்கா யோசியுங்கோ."

"முதல் இரு பிள்ளை. கோப்பி போடுறன்."

"வேண்டாம், நீங்கள் ஊத்திப் போடுவியள்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. இப்போதெல்லாம் நான் கோப்பையை அரைவாசிக்குத்தான் நிரப்புகிறேன்.

நான் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த காலத்தில் என்னிடம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இருக்கவில்லை. உன்னிடம் இருந்தது. அது இல்லாதவருக்கு லிபிரெத்தோ இல்லை, டொக்டரும் இல்லை. போர்கோ வெக்கியோவில், கூடப் பிறக்காமலே அக்கா தங்கச்சியாக நாங்கள் இருந்த அந்த வீட்டில் ஒரு புத்தகத்தில் மூன்று பேர் வருத்தம் பார்த்தோம். ஒருத்திக்கு இருமல் என்றால் நீ போய் இருமிக் காட்டி மருந்து வாங்கி வருவாய், டொக்டருக்குத் தெரிந்த முகம் உன்னுடையதுதான். அதை ஒருவரும் களவு என்று நினைக்கவில்லை. ஒரே குடையை மாறி மாறிப் பிடித்ததுபோல்தான் இருந்தது.

நான் வேலை செய்த சிஞோரா வீட்டில் ஏணியில் நின்று கண்ணாடி துடைக்கும்போது எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. எனக்காக நீ டொக்டரிடம் போகப் புறப்பட்டாய். பஸ்ஸில் நின்றுகொண்டு என்னைப் பிடித்து விசாரித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"அக்கா, வடிவாச் சொல்லுங்கோ. சுத்தேக்கை வீடு சுத்துதோ, நீங்கள் சுத்துறியளோ?"

"வீடு."

"எந்தப் பக்கமாய்?"

"எடியே, கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறவள் அதைப் பாத்துக்கொண்டு இருப்பாளே?"

"டொக்டர் கேட்டால் நான் என்ன சொல்ல?"

"இடப்பக்கம் எண்டு சொல்லு. போ."

உடனே கம்பியைப் பிடித்தபடி இடப்பக்கமாகத் தள்ளாடிப் பழகத் தொடங்கினாய். முன்னால் இருந்த சிசிலியக் கிழவர் பதறி எழுந்து உனக்கு இடம் தந்தார். நீ வெட்கமே இல்லாமல் உட்கார்ந்துகொண்டாய். உண்மையாகத் தலை சுற்றிய நான் இறங்கும் வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன்.

டொக்டர் குளிசை எழுதித் தந்தார். எனக்கும் சுற்று நின்றது. அதன்பிறகு மாதம் ஒருமுறை நீ போவாய். அவர் உன்னை நிலத்தில் ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். நீ ஆமிக்காரன் போல் நடந்து காட்டுவாய். நல்ல முன்னேற்றம் என்று உன் புத்தகத்தில் எழுதிவிட்டு அதே குளிசையை மறுபடியும் எழுதுவார். திரும்பி வந்து நீ சொல்வாய்: "அக்கா, எனக்கு நல்ல சுகமாம்."

அப்படி இரண்டு வருடத்துக்கு மேல் உன் பெயரில் நான் விழுங்கினேன்.

இத்தாலிய மொழியை நான் எப்படிப் படித்தேன் என்று உனக்குத் தெரியும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். இங்கே வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, கடதாசியும் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்கள்தான் என் பாடப்புத்தகம். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், பிழையில்லாமல் அச்சடித்திருப்பார்கள். கொப்பியில் இடப்பக்கம் தாளை ஒட்டி, வலப்பக்கம் தமிழில் அர்த்தம் எழுதுவேன். இரண்டு அகராதிகளைப் புரட்டினால்தான் ஒரு சொல் பிடிபடும். நீ இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, "மற்றாக்கள் கதைப் புத்தகம் வாசிக்கினம். எங்கடை அக்கா மருந்துத் துண்டு வாசிச்சு அழுகிறா" என்று வீடு முழுக்கக் கேட்கச் சொல்வாய். நான் அழவில்லை. அந்தப் பொடி எழுத்துக் கண்ணை உறுத்தியது.

இரண்டாவது வருடம் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கோப்பைதான் காட்டிக்கொடுத்தது. சிஞோராவின் விருந்தாளிகளுக்குக் கோப்பி கொண்டுபோனபோது கோப்பையும் தட்டும் கடகடவென்று சத்தம் போட்டன. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். அடுத்த கிழமை சிஞோரா என் தோளைத் தடவி, வயதாகிவிட்டது, நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்றாள். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது. அந்த வீட்டின் ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்த கைகளை ஒரு கோப்பையின் சத்தத்துக்காக வெளியே அனுப்பினாள். இன்னும் அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பிறகு உன் நெஞ்சு ஒரு வெள்ளிக்கிழமை காலை நின்றுபோனது. அதற்குப் பிந்தித்தான், நீ கடைசியாக வாங்கித் தந்த பெட்டி முடியும் தறுவாயில், எனக்குப் பெர்மெஸ்ஸோ வந்தது. என் பெயரில் லிபிரெத்தோ கிடைத்து, சீசா என்ற பகுதியில் உள்ள டொக்டரிடம் முதல் தடவையாக நானே போனேன். நான் கதிரையில் இருப்பதற்கு முன்பே அவர் என் கையைப் பார்த்துவிட்டார். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெட்டியைக் காட்டியதும், இன்றே நிறுத்துங்கள் என்றார். இப்போது வரும் பெட்டிகளில் தாள் மாறிவிட்டதாம். வயதானவர்களுக்குக் கை நடுக்கம் வரலாம் என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். குளிசையை நிறுத்தினேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, மிச்சம் என்னோடு தங்கிவிட்டது.

எங்கள் தேவாலயப் பங்கில் எல்லாருக்கும் கடதாசி நிரப்பிக் கொடுக்கும் அந்தோனிதான் வழக்குப் பற்றிச் சொன்னான். அந்தக் குளிசையால் கை கால் கெட்டவர்களைச் சேர்த்து, அதைச் செய்த கொம்பனிமேல் வழக்குப் போட ஒரு பெண் லோயர் ஆள் சேர்க்கிறார் என்றான். வியா மக்வேதா வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே அவருடைய அறை. அந்தோனியோடு போனேன். மருந்துச் சீட்டு யார் பெயரில் என்று அவர் கேட்டார். என் தோழியின் பெயரில் என்றேன். அவருடைய பேனை நின்றது.

அந்தோனி என் பக்கம் சரிந்து தமிழில் சொன்னான்: "அன்ரி, நீங்கள் பேசாமல் இருங்கோ. ரெஜினா வழக்கிலை சேரட்டும். தாய்க்குத்தான் கை நடுங்கினது எண்டு சொல்லுவம். செத்தவவை ஆர் கூப்பிட்டு விசாரிக்கப் போகினம்?"

"அந்தோனி, அவள் ஆமிக்காரன் மாதிரி நடந்தவள் எண்டு மாதாமாதம் டொக்டர் எழுதி வைச்சுக் கிடக்கு. பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் படிச்சுப்போட்டுச் சொல்லு."

பிறகு உள்ளதை உள்ளபடி லோயரிடம் சொன்னேன். அவர் நேர்மையான மனுசி, எதையும் மறைக்கவில்லை. உண்மையைச் சொல்லிச் சேரலாம் என்றார். ஆனால் எதிர்ப்பக்கம் உன்னைத்தான் பிடிப்பார்களாம். மருந்து குடித்தவளை டொக்டர் ஒருநாளும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பார், ஆகவே இந்தக் கைகளைக் கெடுத்தது பொய் சொல்லி மருந்து வாங்கிய அந்தப் பெண்தான் என்பார்களாம். உன் பெயரை உரத்து வாசிப்பார்களாம். யோசித்துவிட்டு வாருங்கள், வரும்போது அந்த லிபிரெத்தோவையும் கொண்டுவாருங்கள் என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். வழக்கில் சேர்ந்தால் வாயில்லாத உன்னைக் கூண்டில் ஏற்றுவேன். சேராவிட்டால் கோப்பையைக் கடகடக்க வைத்தவர்கள் சுகமாக இருப்பார்கள். உனக்காக விட்டுவிடலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை. நான் எதையும் விட்டுக்கொடுத்துப் பழகியவள் அல்ல. அந்தக் கொப்பியை எடுத்து, அந்தக் குளிசையின் பழைய தாளை ஒட்டிய பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் என் கையால் எழுதிய அர்த்தம். நித்திரை வரும், உடம்பு வைக்கும், வாய் காயும். நடுக்கம் என்று ஒரு சொல் எங்கும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விசயம் நெஞ்சில் வந்து நின்றது.

இன்று காலை அதை ரெஜினாவுக்குச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை போர்கோ வெக்கியோ சந்தையில் நான் தெரிந்தெடுத்த தக்காளி என் கையிலிருந்து நழுவி உருண்டது. எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. கடைக்காரன் பகிடி விட்டான். நீ சிரிக்கவில்லை. என்னை ஒரு பக்கமாக இழுத்தாய்.

"அக்கா, இந்தக் குளிசையை நிப்பாட்டுங்கோ. இதாலைதான் எண்டு எனக்குப் படுது."

"உனக்குப் பட்டால் போதுமோ? நான் தாள் முழுக்க வாசிச்சனான். கை நடுங்கும் எண்டு ஒரு இடத்திலையும் போடேல்லை."

"தாளிலை போடாட்டி வராதோ?"

"அச்சடிச்சவன் உன்னைவிட மொக்கனோ? நீ உன்ரை வேலையைப் பார்."

அடுத்த மாதமும் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்ட பிறகுதான் ரெஜினா உட்கார்ந்தாள். "அம்மா சொன்னவவோ?"

"ஓம். டொக்டர் சொல்லேல்லை, தாள் சொல்லேல்லை. உன்ரை கொம்மா ஒருத்திதான் சொன்னவள்."

"நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் எண்ட திமிர்."

அவள் கனநேரம் லிபிரெத்தோவைத் தடவிக்கொண்டு இருந்தாள். பிறகு உன்னைப்போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பினாள். "பெரியம்மா, இதையெல்லோ நீங்கள் முதல் சொல்லியிருக்கோணும்! வாங்கோ. எனக்கு மூண்டு மணிக்கு வேலை. அதுக்குள்ளை லோயரிட்டைப் போட்டு வருவம்."

லோயர் என் வாக்குமூலத்தைத் தட்டச்சில் அடிக்கிறேன் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். இரண்டு பக்கம், என் இத்தாலியத்தில், என் கோணல் எழுத்தில். நான் எழுதி முடிக்கும் வரை அவர் நான் கொண்டுபோன கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத அந்த மனுசி ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இங்கேயிருந்துதான் எழுத்து ஆடத் தொடங்குகிறது, இல்லையா என்றார். அந்தக் குளிசையை விழுங்கியது யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார்.

பிறகு என் வாக்குமூலத்தை வாசித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் நின்றார். 'என் தோழி நிறுத்தச் சொன்னாள். அவள் சொன்னது சரி. நான் கேட்கவில்லை, பிழை என்னுடையது.' இதை எடுத்துவிடுங்கள் என்றார். எச்சரித்தும் கேட்காதவள் என்று எதிர்ப்பக்கம் உங்களையே திருப்பி அடிக்கும் என்றார்.

"அடிக்கட்டும். அந்த வரி இல்லை எண்டால் என்ரை கையெழுத்தும் இல்லை எண்டு சொல்லு" என்றேன், ரெஜினாவிடம். எனக்கு இத்தாலியம் தெரியும் என்பது மறந்துபோகும் அளவுக்குக் கோபம். ரெஜினா சொன்னாள், சொல்லும்போது அவள் குரலும் உரத்துத்தான் வந்தது. லோயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனையை என் பக்கம் நீட்டினார். வரி அப்படியே இருந்தது. வழக்கில் சேர்ந்துவிட்டேன்.

இது எத்தனை வருடம் இழுபடுமோ தெரியாது. இழுபடட்டும், நானும் இழுபடுவேன். உன் பெயரை அவர்கள் உரத்து வாசிக்கும் நாளில் அந்த வரியும் கூடவே வாசிக்கப்படும். மருந்து கொண்டுவந்தவள் என்று தொடங்கினாலும், அந்த மண்டபத்தில் உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நீ என்றுதான் முடிக்கவேண்டி வரும்.

என் புருசனுக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிக்கோகூட நான் பிழை என்று மனதாரச் சொன்னவள் இல்லை. அதை முதல் தடவை சொன்னது ஒரு வேற்று மொழியில், ஒரு கொம்பனிக்கு எதிரான கடதாசியில். சொல்லிவிட்டு வெளியே வந்தால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. பஸ்ஸிலும் கொண்டுவந்தேன், படியிலும் ஏற்றினேன். உனக்குச் சேரவேண்டியதை லோயரிடம் கொடுத்தால் எப்படி இறங்கும்? ஆகவே தமிழில் எழுதுகிறேன். நீ சொன்னது சரி, தங்கச்சி. நான்தான் கேட்கவில்லை.